புதுப்பிப்பு: கணுக்கால் எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, ஆனாலும் ஊன்ற முடியவில்லை

பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கால் வெளிப்பக்கமாகத் திருகிய ஒரு நோயாளி, கணுக்காலின் உள்பக்கம் வீக்கம், ஏன் ஊன்ற முடியவில்லை என்று கேட்டிருந்தேன். "முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் அழுத்திப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அழுத்தியதும் வலி. முழங்காலையும் சேர்த்து எடுத்த படத்தில் ஃபிபுலாவின் (முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் உள்ள மெல்லிய எலும்பு) மேற்பகுதியில் சாய்வான முறிவு: மேசனோவ் முறிவு.

அங்கே வலி என்று நோயாளி சொல்லவே இல்லை. கணுக்கால் வலி அதை அமுக்கிவிடுகிறது. பழைய படத்தை மறுபடி அளந்தால் கணுக்கால் மூட்டின் உள்பக்க இடைவெளி 6 மி.மீ. (4-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும்). முதலிலேயே அளந்திருக்கலாம்.

எதிர்பாராதது, அறுவையில் மேல் முறிவைத் தொடவே இல்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே ஃபிபுலா, டிபியா (பக்கத்திலுள்ள தடித்த எலும்பு) இரண்டையும் சேர்த்துத் திருகாணி போட்டார்கள். பிரச்சினை அங்கே கிழிந்த இணைப்புத் தசைநார்தான். பாதத்தைத் தூக்க உதவும் பெரோனியல் நரம்பு ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றிப் போவதால், பாதத்தை மேலே தூக்க முடிகிறதா என்பதை அறுவைக்கு முன்பே பார்த்துக் குறித்துவைக்கவும்.