250 மில்லி தண்ணீரில் 2650 கிராம்: கணக்கில் எங்கே தவறுகிறேன்?

ஓடி_மாணவி:
வணக்கம். கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தில்) இருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. வேதியியல் முதல் ஆண்டு. பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. சூத்திரமெல்லாம் மனப்பாடம், ஆனால் கணக்கு வந்தால் எந்த எண்ணை எங்கே போடுவது என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது.

போன வாரத் தேர்வில் 0.1 மோலார் சோடியம் கார்பனேட் கரைசல் 250 மி.லி. தயாரிக்க எத்தனை கிராம் வேண்டும் என்று கேட்டார்கள். 0.1 × 250 × 106 என்று பெருக்கி 2650 கிராம் என எழுதிவிட்டேன். அதை வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆய்வகத்திலும் சரியாக வரவில்லை. 20 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு பியூரெட்டில் (அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயில்) இருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் 19.5, 19.3, 19.6 என்று மூன்று தடவைக்கும் மூன்று அளவு. அப்பா துறைமுகத்தில் இறால் எடை போடுகிறவர். சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை.

பழைய_ஆய்வகக்காரர்:
ஆள் இருக்கிறாரே, ம்மா! 40 கவுண்ட் இறால் 3 கிலோவில் எத்தனை இருக்கும் என்று அப்பாவைக் கேளுங்கள். 120 என்று உடனே சொல்வார். கவுண்ட் என்றால் கிலோவுக்கு எத்தனை இறால் என்று அவருக்குத் தெரியும், அதனால் எதைப் பெருக்குவது என்று யோசிக்கவே மாட்டார். கூடை கூடையாக அவர் எண்ணுவதும் இல்லை. மாதிரிக்குக் கொஞ்சம் எண்ணிவிட்டு மீதியை நிறுப்பார்.

மோலும் அப்படித்தான். ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் என்று 2019 முதல் வரையறுத்திருக்கிறார்கள். யாரால் எண்ண முடியும்? அதனால்தான் நிறுக்கிறோம். உங்கள் 106, சோடியம் கார்பனேட் ஒரு மோலுக்கு 106 கிராம். 0.1 என்பது ஒரு லிட்டருக்கு 0.1 மோல். அப்படியே அலகோடு எழுதுங்கள்:

0.1 மோல்/லிட்டர் × 0.250 லிட்டர் × 106 கிராம்/மோல் = 2.65 கிராம்

லிட்டரும் லிட்டரும் அடிபடும், மோலும் மோலும் அடிபடும், கிராம் மட்டும் நிற்கும். 250 மி.லி. என்றே போட்டிருந்தால் லிட்டர் அடிபடாமல் முறைத்துக்கொண்டு நிற்கும், அங்கேயே பிடித்துவிடலாம். விடை வந்த பிறகும் ஒரு நிமிடம் குடுவையை மனதில் பாருங்கள். கால் லிட்டர் தண்ணீரின் எடையே 250 கிராம். அதில் இரண்டரை கிலோ பொடியை எங்கே கொட்டுவது?

இருபது வருடம் ஆய்வகத்தில் நின்றவன் சொல்கிறேன், இந்தத் தவற்றைச் செய்யாத மாணவரை நான் பார்த்ததில்லை. அதை வாசித்துக் காட்டியது எனக்குக் கோபமாக இருக்கிறது.

லாஸ்பேட்டை_அக்கா:
அளவு மாறுவதற்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. பியூரெட்டை நிரப்பிய பிறகு புனலை எடுத்தாயா? நான் எடுக்காமல் ஒரு செமஸ்டர் முழுக்க ஓட்டினேன். புனலில் தங்கிய துளிகள் நடுவில் உள்ளே விழும். ஒரு துளி சுமார் 0.05 மி.லி., இரண்டு துளி விழுந்தாலே 0.1 போய்விட்டது. அடி முனையில் காற்றுக்குமிழி இருந்தால் திறந்துவிட்டு வெளியேற்று. கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த தண்ணீரால் மட்டும் கழுவு, சோடியம் ஹைட்ராக்சைடால் அலசாதே. கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்கட்டும், வளைவின் அடியைப் பார். பெர்மாங்கனேட் வரும்போது மட்டும் மேல் விளிம்பு, அடர் நிறத்தில் அடி தெரியாது.

ஓடி_மாணவி:
அக்கா, புனல்தான்! இன்று எடுத்துவிட்டுச் செய்தேன். 19.6, 19.6. கைகள் நடுங்கின. அமிலம் 0.100 மோலார், அதனால் 0.100 × 19.6 ÷ 20.0 போட்டு சோடியம் ஹைட்ராக்சைடு 0.098 மோலார் என்று எழுதியிருக்கிறேன், சரியா சார்? அப்பாவிடம் 40 கவுண்ட் கேட்டேன். நான் கேள்வியை முடிக்கும் முன்பே 120 என்றார்.

பழைய_ஆய்வகக்காரர்:
சரிதான் ம்மா, ஆனால் 0.0980 என்று எழுதுங்கள். கால்குலேட்டர் அந்தக் கடைசிச் சுழியைக் காட்டாது. 0.100, 19.6, 20.0 மூன்றிலும் மூன்று முக்கிய எண்ணுருக்கள் (அளந்து தெரிந்த இலக்கங்கள்) இருக்கின்றன, விடையிலும் மூன்று வேண்டும். அந்தச் சுழியும் நீங்கள் அளந்ததுதான்.