சர்ஃப் ஸ்கீக்குத் தமிழ்ச்சொல்: ‘அலைச்சறுக்குப் படகு’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நீர்விளையாட்டுச் சொற்பட்டியலின் வரைவில், மேலே உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் நெடிய, ஒடுங்கிய கடற்கலமான சர்ஃப் ஸ்கீக்கு (surf ski) நேராக ‘அலைச்சறுக்குப் படகு’ என்று இருப்பதைக் கண்டேன். ஆங்கிலச் சொல்லின் இரு பகுதிகளையும் பிரித்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் இந்தப் பெயரை நம்பிக் கடை ஏறுகிறவர் தவறான படகைத்தான் வாங்குவார் என்று நினைக்கிறேன். நானே அப்படி வாங்க இருந்தவள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலாவதாக, அலைச்சறுக்கு என்ற சொல் ஏற்கெனவே பலகைமேல் நின்று கரையலையில் வழுக்கி வரும் விளையாட்டுக்கு நிலைத்துவிட்டது. கோட்டக்குப்பத்தை ஒட்டிய செரினிட்டி கடற்கரையில் ‘அலைச்சறுக்குப் படகு’ என்று கேட்டால் பலகையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சர்ஃப் ஸ்கீயோ, கரையில் உடையும் அலைக்காக இன்று பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஆஸ்திரேலியாவில் போர்ட் மக்குவாரிக்கு அருகே, 1912 வாக்கில், சிப்பிப் பண்ணை வைத்திருந்த மெக்லாரன் சகோதரர்கள் தங்கள் வேலைக்காகச் செய்துகொண்டது அதன் முன்வடிவம் என்பார்கள். பின்னர் கரையலையைக் கடந்து மூழ்குபவரை மீட்கும் உயிர்காப்பாளர்கள் அதைக் கைக்கொண்டார்கள். இன்று அதை வைத்திருப்பவர்களில் பலர் அலை உடையும் இடத்தைத் தாண்டிச் சென்று, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, நடுக்கடலில் ஓடும் அலைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துப் பல கிலோமீட்டர் ஓடுகிறார்கள். வைகாசி, ஆனி மாதங்களில் பிற்பகல் தெற்குக் காற்று எழும்போது தேவனாம்பட்டினத்திலிருந்து வடக்கே புதுச்சேரி நோக்கி வருவதை நினைத்துப் பாருங்கள். அதுதான் இந்தப் படகின் இயல்பான வேலை. அங்கே சறுக்கலைவிட ஓட்டமே முதன்மை.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ‘படகு’ என்றதும் உள்ளே உட்காரும் இடம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. சர்ஃப் ஸ்கீக்கு உள் என்பதே கிடையாது. நெடிய, ஒடுங்கிய, மூடிய ஓர் உடல். அதன் மேல்புறத்தில் இடுப்பு பதியும் அளவுக்கு ஒரு குழி, காலை உதைக்க ஒரு பலகை, சுக்கானைத் திருப்ப மிதிகள், அவ்வளவுதான். அலை மேலே ஏறினால் குழியில் தங்கும் நீர், படகு ஓரளவு வேகம் எடுத்ததும் அடியில் உள்ள துளை வழியே தானே உறிஞ்சப்பட்டு வெளியேறிவிடும். கவிழ்ந்தால், உள்ளே உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகான கயாக்கைப்போல உள்ளிருந்தபடியே உருண்டு நிமிர முடியாது. தண்ணீரில் விழுந்து, நீந்தி, குறுக்கே படுத்து ஏறி உட்கார வேண்டும். காலையும் படகையும் பிணைக்கும் கயிறு இல்லாவிட்டால், காற்றுள்ள நாளில் நாம் நீந்துவதைவிட வேகமாக அது போய்விடும்.

நான் 12 ஆண்டுகளாகக் கடல் கயாக் ஓட்டுகிறேன். உயரம் 152 செ.மீ., எடை 47 கிலோ. கடலூர்த் துறைமுக முகத்துவாரத்தின் குழப்பமான அலையில் பலமுறை போய்வந்திருக்கிறேன் என்ற தைரியத்தில், ‘சிறிய உடலுக்கு ஒடுங்கிய படகு’ என்று கணக்குப் போட்டு, 43 செ.மீ. அகலமுள்ள ஒன்றைச் சுண்ணாம்பாற்றின் அமைதியான நீரில் முயன்று பார்த்தேன். உட்கார்ந்த சில நொடிகளில் விழுந்தேன், ஏறினேன், மறுபக்கம் விழுந்தேன். கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த பையன்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கயாக்கில் என் சமநிலை முழுவதும் முழங்காலில் இருந்தது. தொடையை மேல்தளத்தின் அடியில் முட்டுக்கொடுத்து, ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் அழுத்தி ஓட்டிப் பழகியவள் நான். ஸ்கீயில் அந்த முட்டு இல்லை. இடுப்பும் பாதமும் மட்டுமே படகைத் தொடுகின்றன. ஆகவே அனுபவமுள்ள கயாக்காரர் தம் அனுபவத்தில் பாதியைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் இதில் ஏறுகிறார்.

அடுத்து, நேர் எதிராக, தொடக்கநிலையினருக்கு என்று விற்கப்படும் 56 செ.மீ. அகலப் படகில் ஏறினேன். விழவில்லை. ஆனால் இடுப்புக்குழி எனக்கு இரு பக்கமும் விரல் நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று இருந்ததால், அலை சாய்த்தபோது படகு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். என் எடைக்கு அது நீரில் ஆழ்ந்து இறங்கவே இல்லை. உயர்ந்து நின்ற அணியத்தை, அதாவது முன்முனையை, பக்கக்காற்று பிடித்துத் தள்ளியது. உதைபலகையைக் கடைசிப் பள்ளம் வரை இழுத்து வைத்தும் கால் முழுதாகப் பதியவில்லை.

இறுதியில் எனக்கு ஏற்றதாக அமைந்தது 50 செ.மீ. அகலமும் ஐந்தரை மீட்டர் நீளமும் கொண்ட, உடல் பருமன் குறைந்த ஒன்று. குழியின் இரு பக்கமும் நீர் ஊறாத நுரைத்தகடு ஒட்டியபின்தான் அது என் படகாயிற்று. ஆறு மீட்டருக்கு மேல் நீண்ட படகுக்கு உச்சவேகம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் 47 கிலோ உடம்பால் அந்த வேகத்தை எட்டவே முடியாதபோது, நீரோடு உரசும் பரப்பைத்தான் கூடுதலாக இழுத்துக்கொண்டு போகிறோம். தவிர நம் கரையில் பிற்பகல் காற்று எழுப்பும் அலைகள் குறுகியவை, நெருக்கமானவை; நீண்ட அணியம் முன்னலையின் முதுகில் குத்தி நிற்கிறது. துடுப்பையும் குட்டையாக்கினேன்: 215-இலிருந்து 205 செ.மீ.

ஆகவே பெயர் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்: மேலே உட்காருவது, அலையோடு ஓடுவது. ‘அலையோடி’ என்பது என் பரிந்துரை. முன்னோடி, கடலோடி என்ற வரிசையில் வாயில் எளிதாக அமர்கிறது.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து

—

மறுமொழி

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். ‘அலைச்சறுக்குப் படகு’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் ‘அலையோடி’யை ஏற்கத் தயங்குகிறேன். கடலோடி என்றால் கடலில் போகும் ஆள்; கலமல்ல. அந்தப் பழக்கத்தில் அலையோடி என்றதும் அதில் போகிறவரைத்தான் எவரும் நினைப்பார். அந்தச் சொல்லை ஓட்டுகிறவருக்கே விட்டுவிடலாம்.

நான் கடலூர் முதுநகரில் பிறந்தவன். தாத்தா மரத்தில் கடலுக்குப் போனவர். கரையில் ‘மரம்’ என்றால் கட்டுமரம்தான். எவரும் செடிகொடியை நினைப்பதில்லை. அதற்கும் உள் கிடையாது. மேலே உட்காருவார்கள் அல்லது முழந்தாளிடுவார்கள். கட்டைகளின் இடுக்கு வழியே அலை ஏறி அலையே வடிந்துவிடும். கவிழ்ந்தால் நீர் இறைக்கத் தேவையில்லை, புரட்டி ஏறிக்கொள்வார்கள். நீங்கள் ஸ்கீயைப் பற்றி எழுதிய பத்தியைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் மரம்தான் கண்ணில் நின்றது. சறுக்குப் பலகையை விடவும், கயாக்கை விடவும் அது கட்டுமரத்துக்கே நெருங்கிய உறவு. எனவே ‘அலைமரம்’ என்று வைக்கலாமே?

இன்னொன்று. கோரமண்டலக் கரையில் கேட்ட ‘கட்டுமரம்’ என்ற பெயரை வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தம் பயணநூலில் பதிந்தார். இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை உடல் கொண்ட பாய்க்கலத்தைக் குறிக்கிறது. நம் மரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நம்மிடமிருந்து போன சொல் பொருள் மாறி உலகம் சுற்றும்போது, அதே வேரிலிருந்து நாம் ஒரு புதுச்சொல் எடுப்பதில் என்ன தயக்கம்?

—

மறுமொழி

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் மறுப்பு நியாயமானது. ‘அலையோடி’யை ஆளுக்கே விட்டுவிடுகிறேன்.

‘அலைமர’த்தில் எனக்கு இரண்டு ஐயங்கள் இருந்தன. கார்பன் இழையில் செய்ததை மரம் எனலாமா என்பது ஒன்று. ஆனால் ஃபைபரில் வார்த்ததையும் கட்டுமரம் என்றே கரையில் சொல்கிறார்கள். கட்டும் இல்லை, மரமும் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. அதனால் அந்த ஐயம் தீர்ந்தது. மற்றொன்று, மேலமர்ந்து ஓட்டும் அகலமான பிளாஸ்டிக் கயாக்கையும் மக்கள் அலைமரம் என்று சொல்லிவிடுவார்களோ என்பது. அதில் முகத்துவாரத்தில் உலாப் போகலாம். ஓடும் அலையைப் பிடிக்க முடியாது. ஆகவே அதை ‘மேலமர் கயாக்’ என்று தனியே வைத்து, விளக்கத்தில் வேறுபாட்டைச் சொல்லிவிடலாம்.

கயாக் என்பதை மாற்ற வேண்டாம் என்பதும் என் கருத்து. அது இனுயிட் மக்களின் சொல். ஆங்கிலமே அதை அவர்களிடமிருந்து கடன் வாங்கியது.

பட்டியலுக்கான பதிவை இவ்வாறு எழுதியிருக்கிறேன், திருத்தித் தாருங்கள்.

அலைமரம்: மேலமர்ந்து, இரட்டை அலகுத் துடுப்பால் ஓட்டும் நெடிய, ஒடுங்கிய, மூடிய உடல் கொண்ட கலம், இடுப்புக்குழி, உதைபலகை, மிதிச்சுக்கான் உடையது, ஏறிய நீர் தானே வடியும், காற்றின் திசையில் ஓடும் அலைகளைப் பிடித்துச் செல்ல ஏற்றது. ஓட்டுகிறவர் அலையோடி.

கால் பிணைக்கும் கயிற்றுக்குக் ‘கால்கயிறு’ என்றும், காற்றை முதுகில் வாங்கி ஓடுவதற்குப் ‘பின்காற்றோட்டம்’ என்றும் எழுதியுள்ளேன். நீர் உறிஞ்சும் துளைக்கு மட்டும் சொல் அமையவில்லை. ‘வடிவாய்’ என்று எழுதினால் ‘வடிவாக’ என்று படித்துவிடுகிறார்கள். கட்டுமரத்தில் நீர் வடியும் அந்த இடுக்குக்குத் தங்கள் ஊரில் பெயர் ஏதும் உண்டா, ஐயா?