நீரோ பெயரின் கடைசி 'நூன்' எழுத்துக்கு 50-ஆ, 700-ஆ?

எபிரேய எழுத்து எண் கணக்கு (கெமாட்ரியா) தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். சபை வாலிபர் கூடுகையில் வெளிப்படுத்தின விசேஷம் 13:18 பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அந்த வசனத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் 666 என்பது ரோம மன்னன் நீரோதான் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். 'நேரோன் கேசர்' என்பதை எபிரேயத்தில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50. கோஃப் 100, சாமேக் 60, ரேஷ் 200. கூட்டினால் சரியாக 666. லத்தீன் முறையில் கடைசி நூனை விட்டு 'நேரோ' என்று எழுதினால் 616. சில பழைய பிரதிகளில் 616 என்றே இருப்பதால் இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. (பார்கோடு, தடுப்பூசி விளக்கங்கள் தயவுசெய்து வேண்டாம். வாட்ஸ்அப்பில் போதுமான அளவு வந்துவிட்டது.)

சிக்கல் இதுதான்: சொல்லின் கடைசியில் வரும் நூனுக்கு உருவம் மாறும். இன்னொரு முறையில் அதற்கு 700. அப்படியானால் கூட்டல் 1316 ஆகிவிடுகிறதே! அபிராமின் 318 ஆட்களை அவருடைய ஊழியன் எலியேசரின் பெயரின் கூட்டுத்தொகையாகத் தல்மூத் (யூதர்களின் பழைய போதனை நூல்) வாசிப்பது தெரியும். அந்தப் பெயர் ரேஷில் முடிவதால் இந்தக் கேள்விக்கு அது உதவவில்லை.

இப்படிச் சொல்லின் கடைசியில் உருவம் மாறும் எழுத்துகளுக்கு 500 முதல் 900 வரை தரும் வழக்கம் முதல் நூற்றாண்டிலேயே இருந்ததா, பின்னால் வந்ததா? ஆதாரத்தோடு சொல்ல முடிந்தால் நல்லது. தமிழில் வாசிக்க ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.