கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம், காப்பீட்டில் ஊர்ச் சராசரி: உங்கள் அனுபவம் என்ன?

வயலோரம்:
2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் பருவம் தவறிப் பெய்த மழை இங்குள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும். அறுத்த சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையக் களத்தில் கொட்டிவிட்டுக் காத்திருந்தோம். ஒரு பிடி நெல்லை ஈரப்பதமானியில் போட்டுப் பார்த்த ஊழியர், எதுவும் சொல்லாமல் கருவியை என் பக்கம் திருப்பினார், 19.6 என்று இருந்தது. வரம்போ 17 விழுக்காடு. மத்திய அரசு அதை 20 ஆகத் தளர்த்தியது உண்மைதான், ஆனால் உத்தரவு வந்து சேர்வதற்குள் தார்ப்பாய்க்கு அடியில், குவியலின் ஓரத்து நெல் வெள்ளை முளை விட்டிருந்தது. மழை பெய்த பிறகு மாநில அரசு கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து பார்த்து, அதன் பின்னரே தளர்வு கிடைக்கும் என்றால், அந்த நாட்களில் நெல்லை எங்கே வைப்பது?

கடைமடை:
எனக்கு உறுத்துவது காப்பீடு. 2021 நவம்பர் மழையில் எங்கள் தாழ்வான வயல் முழுவதும் மூழ்கி அழுகியது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 1.5 விழுக்காடு பிரீமியத்தைக் கெடுவுக்குள் கட்டியிருந்தேன். ஆயினும் இழப்பு ஊர் அளவிலான விளைச்சலை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஊர் விளைச்சலைக் கணக்கிட மாதிரிக்கு அறுத்துப் பார்க்கும் அறுவடைப் பரிசோதனைக்குத் தேர்வானதோ மேட்டு வயல். நான்கு முளை அடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அவர்கள் அறுத்த கதிர் நன்றாகவே முற்றியிருந்தது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை.

நாற்றங்கால்:
கடைமடை, ஊர்ச் சராசரியை மட்டும் குறை சொல்வது சரியாகாது. வயல் நீரில் மூழ்குவதை, ஊர்ச் சராசரி பார்க்காமல் அந்த வயலை மட்டும் வைத்து ஈடு தரும் இழப்பாக முன்பு கருதினார்கள்; 2018இல் அதை நெல்லுக்கு நீக்கியதே மூல காரணம். 2026 காரிப் (மழைக்காலச் சாகுபடி) பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில்தான் அறிவித்தார்கள். எனக்கும் ஒருமுறை பயிர் மூழ்கியது, பிழைத்துக்கொண்டது. அதனால் சொல்கிறேன், வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகத்தைப் போடுங்கள். அதிலுள்ள மரபணு, நீருக்குள் பயிர் வீணாக நீண்டு சத்தைச் செலவழிக்காமல் அடக்கி வைப்பதால், இரண்டு வாரம் வரை தாங்கும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் மட்டும் பயனில்லை. அது 150 நாளுக்கு மேற்பட்ட ரகம் என்பதால் காலத்தில் விதைக்க வேண்டும். 2024இல் நடந்ததுபோல் மேட்டூர் அணை ஜூன் 12க்குப் பதிலாக ஜூலை இறுதியில் திறந்தால், நாற்றங்காலுக்கு ஆழ்குழாய் நீரையாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கடைமடை:
ஐயா, நான் நட்டிருந்ததே அந்த ரகம்தான். இரண்டு வாரம் கடந்தும் நீர் வடியவில்லை. எங்கள் பகுதியில் அணை திறப்புக்கு முன் தூர்வாருவது பாசன வாய்க்காலை மட்டுமே. வடிகாலில் ஆகாயத்தாமரை அப்படியே கிடந்தது.