ராயல்டி: உரிமைத்தொகையா, மேல்வாரமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிரான்சைஸ் கடை (வேறொரு நிறுவனத்தின் பெயரில் நடத்தும் கடை) எடுப்போருக்கான தொழில் திட்டக் கையேட்டின் சொற்பட்டியலில், அப்பெயருக்காக அந்நிறுவனத்துக்கு மாதந்தோறும் கட்டும் 'ராயல்டி' என்பதற்கு நேராக 'உரிமைத்தொகை' என்று இட்டிருப்பதை மாற்ற வேண்டும் எனக் கருதுகிறேன். 2023இல் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியது முதல், தமிழ்நாட்டில் அச்சொல் மாதந்தோறும் கைக்கு வரும் பணத்தையே நினைவூட்டுகிறது. நாமோ மாதந்தோறும் கையை விட்டுப் போகும் பணத்துக்குப் பெயர் தேடுகிறோம்.

அதைவிடப் பெரிய குறை, அத்தொகை எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பதை அச்சொல் காட்டாததே. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ராயல்டி இலாபத்தின்மீது அன்றி மொத்த விற்பனையின்மீதே விழுக்காடாக வாங்கப்படுகிறது. மாதம் 4,00,000 ரூபாய்க்கு விற்கும் ஒரு தேநீர்க்கடையில் சரக்கு, வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் போக 15,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், 5 விழுக்காடு ராயல்டியாகிய 20,000 ரூபாயைக் கட்டியதும் கடை 5,000 ரூபாய் நட்டத்தில் நிற்கும். ராயல்டிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி, 5 விழுக்காடு வரி செலுத்தும் உணவகம் அதை உள்ளீட்டு வரி வரவாகத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. எனவே குழுவில் ஒருவர் முன்மொழிந்த 'இலாபப் பங்கு' பிழையானது. 'பெயர் வாடகை' எளிய சொல்தான்; ஆனால் வாடகையும் குத்தகையும் விற்றாலும் விற்காவிட்டாலும் மாறாத தொகைகள்.

என் பரிந்துரை 'மேல்வாரம்'. நிலத்தின் விளைச்சலில் அரசுக்கோ நிலவுடைமையாளருக்கோ சேர்ந்த பங்கு மேல்வாரம், உழுதவருக்கு நின்றது குடிவாரம். களத்தில் நெல்லை அளந்து பிரிக்கும்போது, உழவர் அந்தப் போகத்தில் கடன்பட்டாரா மிச்சம் பிடித்தாரா என்று மேல்வாரம் கேட்பதில்லை. விற்பனையின்மீது வாங்கும் ராயல்டியும் அப்படியே. 'வாரம்' என்று மட்டும் எழுதினால் ஏழு நாளோடு குழம்பும் என்பதால் முழுச்சொல்லையும் ஆளலாம். அதில் பழைய நிலவுடைமையின் வாடை அடிக்கிறது என்று சிலர் மறுக்கக்கூடும்; ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படித்தவர்களுக்கு அது பொருந்தாத வாடையாகத் தோன்றாது.

தொடக்கத்தில் ஒருமுறை கட்டும் தொகைக்கு 'நுழைவுக் கட்டணம்' போதும். அதில் எனக்கு வேறு கருத்தில்லை.

விளம்பர நிதிக்கெனத் தனியே பிடிக்கும் ஒன்றிரண்டு விழுக்காட்டுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'மகமை' முதலில் நினைவுக்கு வந்தது, ஏனெனில் விருதுநகர், சிவகாசி வணிகர்கள் தங்கள் வணிகத்தில் சிறு பங்கு ஒதுக்கிப் பள்ளிகள் நடத்தியது அப்பெயரில்தான். ஆனால் மகமையை வைத்திருந்தவர்களும் செலவழித்தவர்களும் கொடுத்தவர்களே. இங்கே நிதி பெயருக்கு உரிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த வேறுபாட்டை மறைக்காத சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை பட்டியலில் 'விளம்பரப் பிடித்தம்' என்றே இருக்கட்டும்.