1054-ஆ, 1204-ஆ? காலக்கோட்டில் எதை எழுத?

ஒன்பதாம் வகுப்புச் சுவரில் ஒட்ட ஒரு காலக்கோடு வரைகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கணும். ரோம் (கத்தோலிக்க), கான்ஸ்டான்டிநோபிள் (கிழக்கு ஆர்த்தடாக்ஸ்) திருச்சபைகள் பிரிந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

நூலகத்தில் பார்த்த இரண்டு புத்தகங்களில் ஒன்று 1054 என்கிறது, மற்றது 1204. சரி, நடந்ததையே பார்ப்போம் என்று தோண்டினால் குழப்பம்தான் கூடியது. 1054 ஜூலை 16 அன்று ரோமின் தூதர் கர்தினால் ஹம்பர்ட், கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியா பேராலயப் பீடத்தில் சபைவிலக்கு (திருச்சபையிலிருந்து நீக்கும்) ஆணையை வைத்துவிட்டு, கால் தூசியையும் உதறிவிட்டு வெளியேறினார். ஆனால் அவரை அனுப்பிய போப் ஒன்பதாம் லியோ ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார்! ஆணை குறிவைத்ததும் கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபைத் தலைவரான முதுபெரும் தந்தை மைக்கேல் செருலாரியஸையும் அவர் பக்கம் நின்றவர்களையும்தான். பதிலுக்கு அவர்கள் சபித்தது வந்த தூதர் கூட்டத்தை. (திருப்பலியில் புளிப்பில்லாத அப்பம் வைக்கலாமா என்பதும் சண்டைக்கு ஒரு காரணம்; அப்பத்துக்கு இவ்வளவு சண்டையா என்கிறாள் என் மகள்.)

1204-இல் சிலுவைப்போர்ப் படை அதே நகரைச் சூறையாடியது. லத்தீன் (ரோம் தரப்பு) முதுபெரும் தந்தை ஒருவரும் அங்கே அமர்ந்தார். எனக்கு இதுதான் நிஜமான முறிவாகப் படுகிறது. ஆனால் 1965-இல் இரு தரப்பும் நீக்கிக்கொண்டது 1054-இன் சாபங்களைத்தானே?

கட்டத்தில் ஒரு ஆண்டுக்குத்தான் இடம். நீங்களாக இருந்தால் எதை எழுதுவீர்கள், ஏன்?