கிரேட் 10-இல் இங்கிலீஷ்: ஹோம் லேங்குவேஜா, ஃபர்ஸ்ட் அடிஷனலா?

நெல்லை அம்மா, டர்பன்:

எல்லோருக்கும் வணக்கம். மகள் இங்கே தென்னாப்பிரிக்காவில் கிரேட் 9 படிக்கிறாள். திருநெல்வேலியில் ஏழாம் வகுப்பு முடித்த கையோடு டர்பனுக்கு வந்து கிரேட் 8-இல் சேர்ந்தவள். இப்போது அடுத்த வருடத்துக்கான பாடத் தேர்வுப் படிவம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

கணக்கும் அறிவியலும் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. இங்கிலீஷ் ஹோம் லேங்குவேஜில் (தாய்மொழி நிலைப் பாடம்) 54, ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 43. மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "இங்கிலீஷை ஃபர்ஸ்ட் அடிஷனலாக (இரண்டாம் மொழி நிலையில்) எடுத்தால் சுலபம், மார்க் ஏறும்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அவளோ நான் ஹோம் லேங்குவேஜிலேயே இருக்கிறேன் என்கிறாள். மார்க் முக்கியமா, அவள் பிடிவாதம் முக்கியமா என்று எனக்குப் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழையும் ஒரு பாடமாக எடுக்க முடியுமா?

ஜோபர்க் அண்ணா:

அப்படி நினைத்த மாதிரி இறங்க முடியாது சகோதரி. மெட்ரிக்குக்கு (கிரேட் 12 இறுதித் தேர்வு) இரண்டு ஆட்சி மொழிகள் வேண்டும். அதில் ஒன்று ஹோம் லேங்குவேஜ் நிலையில் இருக்க வேண்டும். இங்கிலீஷை ஃபர்ஸ்ட் அடிஷனல் ஆக்கினால் ஆஃப்ரிகான்ஸையோ சூலுவையோ ஹோம் லேங்குவேஜாக எழுத வேண்டி வரும். ஆஃப்ரிகான்ஸில் 43 எடுக்கும் பிள்ளைக்கு அது நடக்கிற காரியமா? படிவத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இங்கிலீஷ் டீச்சர், ஃபீனிக்ஸ்:

ஜோபர்க் அண்ணா சொன்னது பொது விதி, சரிதான். ஆனால் இந்தப் பெண்ணுக்கு ஒரு தனி விலக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து இங்குள்ள பள்ளியில் கிரேட் 7-இலோ அதற்கு மேலோ முதல்முறையாகச் சேர்ந்த பிள்ளையை 'இமிகிரன்ட் கேண்டிடேட்' என்று கல்வித்துறை ஏற்றுக்கொள்கிறது. அவர்கள் ஒரே ஒரு ஆட்சி மொழியை, குறைந்தது ஃபர்ஸ்ட் அடிஷனல் நிலையில், எழுதினால் போதும். இன்னொரு மொழியின் இடத்தில் வேறு ஒரு பாடம் எடுக்க வேண்டும். மொத்தப் பாடங்கள் ஏழு என்பது குறையாது. இது தானாக நடக்காது. பள்ளி மூலமாக மாகாணக் கல்வித்துறைக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். திருநெல்வேலிப் பள்ளியின் டி.சி., மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட், விசா நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கு முன்பே போய் முதல்வரைப் பாருங்கள். நிறைய பெற்றோர் இதைக் கேட்பதே இல்லை. கேட்காததால் பிள்ளைகள் மூன்று வருடம் ஆஃப்ரிகான்ஸோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அதாவது உங்கள் மகளுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. அப்படியிருந்தும் நான் இங்கிலீஷை ஹோம் லேங்குவேஜாகவே வைக்கச் சொல்வேன். ஆஃப்ரிகான்ஸை மட்டும் விட்டுவிடலாம்.

ஏன் என்று சொல்கிறேன். மெட்ரிக்கில் இங்கிலீஷுக்கு மொத்தம் 400. அதில் 100 பள்ளியில் வருடம் முழுக்க நடக்கும் மதிப்பீட்டுக்கு, 50 வாய்மொழிக்கு, மீதி 250 மூன்று தாள்களுக்கு. ஹோம் லேங்குவேஜில் முதல் தாள் 70, இரண்டாம் தாள் 80, மூன்றாம் தாள் 100. ஃபர்ஸ்ட் அடிஷனலில் முதல் தாள் 80, இரண்டாவது 70, மூன்றாவது அதே 100. பத்து மார்க் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றும். உண்மையான வித்தியாசம் இரண்டாம் தாளில் இருக்கிறது. ஹோம் லேங்குவேஜில் கவிதை, நாவல், நாடகம் மூன்றும் எழுத வேண்டும்; கவிதைப் பகுதியில் முன்பின் பார்த்திராத ஒரு கவிதையும் வரும். நாவல், நாடகம் இரண்டில் ஒன்றுக்குக் கட்டுரை கட்டாயம். ஃபர்ஸ்ட் அடிஷனலில் நாவல், நாடகம், சிறுகதை, கவிதை நான்கில் இரண்டு பகுதி எழுதினால் போதும்.

நம்மூர் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதிப் பழகிய கை அது. பார்த்திராத கவிதையைக் கொடுத்து, இந்த வரியில் பேசுகிறவரின் தொனி என்ன, அதை எந்தச் சொல் காட்டுகிறது என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. முதல் தாளில் வரும் விளம்பரம், கார்ட்டூன் கேள்விகளும் அப்படித்தான். படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் படித்து, அது யாரை எப்படி இழுக்கப் பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். ஆனால் இதெல்லாம் பழக்கத்தால் வருவது. வாரத்துக்கு ஒரு புதுக் கவிதையைக் குறிப்பு எதுவும் இல்லாமல் படித்துப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். துறையின் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, விடைக்குறிப்போடு. முதலில் விடைக்குறிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். மார்க் எதற்கு விழுகிறது என்று அதில்தான் தெரியும்.

இன்னொன்று. பல்கலைக்கழகங்கள் இரண்டு நிலையையும் ஏற்கின்றன. ஆனால் சில படிப்புகளில் ஃபர்ஸ்ட் அடிஷனலுக்கு ஹோம் லேங்குவேஜைவிட உயர்ந்த மதிப்பெண் கேட்கிறார்கள். அப்போது சுலபமாக ஏறிய மார்க் அங்கே கழிந்துவிடும். மருத்துவப் புத்தகத்தை எடுத்ததும் எழுத்தாளர் நடை அவளுக்காக இறங்கி வராது. பெண் தானே கஷ்டமானது வேண்டும் என்கிறாள். அதைப் பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். 54 என்பது இரண்டு வருடத்துக்குள் வந்த மார்க், எனக்கு அது நல்ல மார்க்.

கிரேட் 9 தேறுவதற்கு ஹோம் லேங்குவேஜில் 50 வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். இந்த வருடக் கடைசித் தேர்வில் கொஞ்சம் கவனம் தேவை.

சாட்ஸ்வொர்த் அப்பா:

எங்கள் மகனுக்கு டீச்சர் சொன்ன அந்த அனுமதியை வாங்கினோம். பள்ளி அலுவலகத்தில் இரண்டு மூன்று முறை நினைவுபடுத்த வேண்டியிருந்தது, ஆனால் கிடைத்தது. காலியான இடத்தில் ஜியாகிரஃபி எடுத்தான். உங்கள் மகளுக்கு மருத்துவம் என்றால் ஃபிசிக்கல் சயின்சஸோடு (இயற்பியல், வேதியியல்) லைஃப் சயின்சஸும் (உயிரியல்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகம் சேர்க்கைக்கான புள்ளிக் கணக்கில் லைஃப் ஓரியன்டேஷனை (வாழ்வியல் பாடம்) சேர்ப்பதில்லை, அதனால் மற்ற ஆறு பாடமும் கனமாக இருக்க வேண்டும்.

தமிழ் மெட்ரிக்கில் அங்கீகரிக்கப்பட்ட மொழிதான். ஆனால் நடத்துகிற பள்ளி அருகில் கிடைப்பது கஷ்டம். பள்ளியில் இல்லையென்றால் கோவில் வகுப்பிலாவது விடாமல் அனுப்புங்கள். 1860-இல் மதராஸிலிருந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் வந்ததிலிருந்து அப்படித்தான் இங்கே எழுத்து பிழைத்து வந்திருக்கிறது.

அப்புறம், ஆஃப்ரிகான்ஸை விட்டாலும் சூலு பேசப் பழகட்டும். அந்தப் பல்கலைக்கழகம் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்கு சூலு பாடத்தையும் வைத்திருக்கிறது. நாளைக்கு வார்டில் வரும் பாட்டியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க அது வேண்டும்.

நெல்லை அம்மா, டர்பன்:

டீச்சர், அண்ணா, மிக்க நன்றி. அந்த விலக்கு பற்றி இதுவரை யாரும் எங்களிடம் சொன்னதில்லை. டி.சி. ஊரில் அம்மாவிடம் இருக்கிறது, ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். லைஃப் சயின்சஸ் படிவத்தில் இருக்கிறது. ஆஃப்ரிகான்ஸ் இடத்தில் ஜியாகிரஃபியா அக்கவுன்டிங்கா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. டீச்சர், வாய்மொழி 50 மார்க்குக்கு என்ன செய்ய வேண்டும்? அவள் நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுவாள்.

இங்கிலீஷ் டீச்சர், ஃபீனிக்ஸ்:

அந்த 50 ஒரே நாளில் போடுவது இல்லை அம்மா. தயார் செய்த பேச்சு, தயார் செய்யாத பேச்சு, வாய்விட்டு வாசித்தல், கேட்டு விடை எழுதுதல் என்று பள்ளியிலேயே பிரித்து வைப்பார்கள். கேட்டு எழுதுவதில் கூச்சத்துக்கு வேலையே இல்லை, அதில் முழு மார்க் எடுக்கப் பார்க்கட்டும். பேச்சுக்கு அவளுக்குத் தெரிந்த விஷயத்தையே தலைப்பாக எடுக்கச் சொல்லுங்கள். தாமிரபரணி பற்றிப் பேசினால் வகுப்பில் வேறு யாருக்கும் அது தெரியாது, நிமிர்ந்து பேசுவாள். காகிதத்தைப் பார்த்துப் படித்தால் மட்டும் மார்க் போய்விடும். முதல்வர் என்ன சொன்னார் என்று வெள்ளிக்கிழமை இங்கே எழுதுங்கள்.